பார் இல்லாத வண்டியும் சேர்வராயன் மலையும்

மலைக்கு 'லேடீஸ் சைக்கிள்' சரிப்படாது என்பது சைக்கிள் கடைகளில் அடிக்கடி விழும் தீர்ப்பு. அதில் உண்மை உண்டு. யாருக்கான உண்மை என்பதைத்தான் கடைக்காரர் சொல்வதில்லை.

பார் வண்டியின் வலு முக்கோணத்தில் இருக்கிறது. மேல்பாரும் கீழ்க்குழாயும் சீட்டுக்குழாயும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வதால் சட்டம் நெளியாது. மேல்பாரைத் தாழ்த்தினாலோ எடுத்துவிட்டாலோ பிடி தளரும். ஈடுகட்டக் கீழ்க்குழாயைத் தடிப்பாக்குவார்கள், முட்டுத்தகடு பற்றவைப்பார்கள், எடை கூடும். கேரியரில் மூட்டை கட்டிக்கொண்டு வேகமாக இறங்கும்போது ஹேண்டில்பார் உதறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்; அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,200 மீட்டர் உயரம். அந்தச் சாலையில் பாய்ந்து இறங்குகிறவருக்கு உதறல் ஆபத்துதான்.

அதே மலையில் மாரமங்கலம் போன்ற ஊராட்சியில், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் காலை வேளையில் மிதித்துப் போய்வர நினைப்பவர் அப்படியா இறங்கப் போகிறார்? வண்டியிலிருந்து இறங்குவதும் மறுபடி ஏறுவதும்தான் அவருடைய பயணத்தில் பெரும்பங்கு. ஏற்றம் முட்டினால் தள்ள வேண்டும். வளைவில் பஸ் வந்தால் ஓரங்கட்ட வேண்டும். பலாப்பழம் என்ன விலை என்று கேட்கவும் நிற்கத்தான் வேண்டும். நின்ற இடம் மேடாக இருந்தால், பார் வண்டியில் காலைப் பின்னால் வீசிப் போடுவதற்குள் வண்டி பின்னோக்கி உருளும். தாழ்ந்த சட்டத்தில் இந்தச் சர்க்கஸ் கிடையாது. இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியே காலை உள்ளே நுழைத்து, ஒன்றைத் தரையில் ஊன்றி, மேலே நிற்கும் பெடலில் மற்றதை வைத்து அழுத்தினால் வண்டி கிளம்பிவிடும். முழங்கால் வலிக்காரருக்கும் சேலை கட்டியவருக்கும் இதைவிட ஏற்ற சட்டம் இல்லை. ஆண்கள் கூச்சப்பட வேண்டியதுமில்லை. குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்குப் பார் எவ்வளவு இடைஞ்சல் என்பது தெரிந்ததே.

பாருக்கும் ஒரு வாதம் உண்டு, அதைப் பெண்களே சொன்னார்கள் என்பதுதான் சுவை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், பல பெண்கள் ஆண்கள் வண்டியையே விரும்பியதைக் குறிப்பிடுகிறார்: முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். வடிவமைப்பாளர் கணக்கில் இல்லாத பயன் அது. குழந்தையோடு போகிறவர் இன்றும் இதை யோசிக்கத்தான் வேண்டும். பின்பக்கக் குழந்தை இருக்கை பொருத்தினால், உதறல் பிரச்சினை திரும்பிவருகிறது.

பள்ளி மாணவியருக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02இல் தொடங்கிய பிறகு, பார் இல்லாத வண்டி தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. சமவெளியில் அது செய்த நன்மை பெரிது. கியர் இல்லாத அதே வண்டி மலையில் திணறும்போது, பழி சட்டத்தின் மேல் விழுகிறது. பல்சக்கரத்தின் மேல் விழ வேண்டிய பழி அது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் கொண்ட சாதாரண வண்டியில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். சமதரையில் சுகம், ஏற்றத்தில் நெஞ்சடைப்பு. முன்னால் 24, பின்னால் 28 பல் இருக்கும் கியர் வண்டியில் அதே சுற்றுக்கு 1.8 மீட்டருக்குள்தான். மெல்லப் போகும், ஆனால் போகும். முன்னால் 42 பல் சக்கரம் ஒன்றே ஒன்று வைத்து, பின்னால் மட்டும் ஏழு கியர் கொடுக்கும் வண்டியில் கடைசி கியரிலும் மூன்று மீட்டருக்கு மேல் வரும். ஆகவே எத்தனை கியர் என்று கேட்பதில் பயனில்லை. முன்னால் இருப்பதிலேயே சின்னது எத்தனை பல், பின்னால் பெரியது எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள்.

மவுண்டன் பைக் என்ற ஸ்டிக்கரோடு வரும் ஷாக் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மலிவான ஸ்பிரிங் ஷாக் இரண்டரை கிலோ வரை எடை. எழுந்து நின்று மிதித்தால் மேலும் கீழும் ஆடி உழைப்பைத் தின்னும். இரண்டு அங்குல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தாலே மலைத் தார்ச்சாலையின் குழிகளுக்குப் பெரும்பாலும் போதும். அந்தக் காசை பிரேக்கில் போடலாம். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் இறக்கி விளையாடியவர்களால்தான் மவுண்டன் பைக் என்ற இனமே பிறந்தது. ஒருமுறை இறங்கினாலே அவர்களுடைய பின்சக்கர பிரேக்கில் கிரீஸ் எரிந்துபோகும். ரிம் பிரேக்கிலும் விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கக்கூடும். விட்டுவிட்டு அழுத்த வேண்டும். ஐப்பசி மழையில் ரிம் நனைந்தால் பிடிப்பு குறையும். ஏற்காட்டு மூடுபனிக்கும் மழைக்கும் டிஸ்க் பிரேக்குதான் மேல், கம்பி இழுக்கும் சாதாரண ரகமானாலும்.

காபித் தோட்டத்து மண்பாதையில் கல் தாண்டிக் குதிக்க ஆசைப்படுகிறவர், தேவையான இடத்தில் வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவர், இவர்கள் பார் வண்டியே வாங்கட்டும். தாழ்ந்த சட்டம் தோளில் நிற்காது. காரின் பின்னால் தொங்கவிட்டு மலைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். ரேக்கின் கொக்கி பிடிப்பதற்கு மேல்பார் வேண்டும். சீட்டுத்தண்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே மாட்டிக் கழற்றும் துணைக்கம்பி தனியாகக் கிடைக்கிறது. வண்டி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.