இழுத்தாலும் கலையாத முக்கோணம்

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் திறந்ததும் பின்னணியில் இருக்கும் கட்டங்களையும் அச்சுகளையும் மறைத்துவிடுங்கள். அவை தெரிந்தால் கண் தானாகக் கட்டம் எண்ண ஆரம்பித்துவிடும். கோணம் அளக்கும் கருவி, ஒழுங்குப் பலகோணக் கருவி பக்கமும் இப்போதைக்குப் போக வேண்டாம். புள்ளி, கோடு, வட்டம் போதும். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தனக்கு அனுமதித்துக்கொண்டதும் அவ்வளவுதான்: இரு புள்ளிகளை இணைக்கலாம், கோட்டை நீட்டலாம், மையமும் ஒரு புள்ளியும் இருந்தால் வட்டம் போடலாம்.

அவருடைய முதல் புத்தகத்தின் முதல் கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஏ, பி என்று ஒரு கோட்டுத்துண்டு. ஏயை மையமாக வைத்து பி வழியாக ஒரு வட்டம், பியை மையமாக வைத்து ஏ வழியாக இன்னொன்று. இரண்டும் வெட்டும் இடம் சி. இணைத்தால் சமபக்க முக்கோணம். நோட்டில் போட்டால் வேலை இத்தோடு முடிந்தது. திரையில் இனிமேல்தான் விஷயமே. ஏயைப் பிடித்து இழுங்கள். முக்கோணம் பெருக்கும், சிறுக்கும், தலைகீழாகப் புரளும். மூன்று பக்கமும் சமமாகவே இருக்கும். சியை இழுத்தால் அசைந்து கொடுக்காது. நீங்களாக வைத்த புள்ளிகள் நீலமாகவும், வெட்டுவதால் பிறந்த சி கருத்தும் இருப்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, வேண்டுமென்றே ஒரு கள்ளவேலை செய்யுங்கள். வட்டமே போடாமல், கண் மதிப்பில் சியை வைத்து முக்கோணத்தை முடியுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஏயை ஓர் அங்குலம் நகர்த்தினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். காகிதத்தில் நன்றாகக் கூர்சீவிய பென்சிலால் யாரையும் ஏமாற்றலாம், இங்கே முடியாது. 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கிய இந்த இலவச மென்பொருளில் எனக்குப் பிடித்த விஷயமே இந்தக் கண்டிப்புதான்.

யூக்ளிட்டின் இரண்டாவது கணக்கைத் தாண்டிப் போகாதீர்கள். அவருடைய காம்பஸ், தாளைவிட்டு எடுத்ததும் மடங்கிவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீளத்தை அப்படியே வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதற்கு வழி சொல்வதுதான் இரண்டாவது கணக்கு. அதை ஒருமுறை சொந்தக் கையால் செய்துவிட்டால், மென்பொருளில் இருக்கும் காம்பஸ் கருவியை அதன்பின் உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்பில் செங்கோட்டு மையம், நடுக்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம் என்று தனித்தனிப் படமாகப் போட்டுக் கையெழுத்து வாங்கியிருப்போம். மூன்றையும் ஒரே முக்கோணத்தில் போட்டுவிட்டு உச்சியை இழுங்கள். மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்றபடி நகரும். யூக்ளிட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1765-இல் ஆய்லர் கண்டு சொன்ன கோடு இது. முக்கோணம் விரிகோணமானால் செங்கோட்டு மையம் வெளியே ஓடிவிடும்; செங்கோணமானால் அந்த முனையிலேயே போய் உட்காரும். சமபக்கத்தை நெருங்க நெருங்க மூன்று மையங்களும் ஒன்றாக நெருக்கியடித்துக்கொள்ள, கோடு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் சுழலும். இந்தத் தவிப்பைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம்.

கையோடு, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு உச்சியை அதன்மேல் மட்டும் ஓடவிடுங்கள். செங்கோட்டு மையத்துக்குத் தடம் விடும் வசதியை இயக்கினால், அடிப்பக்கத்தின் இரு முனைகள் வழியாகவும் போகும் அழகான பரவளையம் ஒன்று திரையில் விழும். நாம் போட்டதெல்லாம் நேர்கோடுகள். இந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சநேரம் யோசியுங்கள். விடையை இங்கே சொல்லப்போவதில்லை.

இழுத்துப் பார்க்கும் சோதனைக்கும் சிக்காத படம் ஒன்று உண்டு. வட்டத்தின் பரப்புக்குச் சமமான சதுரத்தை ஸ்கேல், காம்பஸ் கொண்டு வரையவே முடியாது என்பது 1882-இல் லிண்டெமான் நிரூபணத்தோடு முடிந்துபோன வழக்கு. அது தெரிந்தே, 1913-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் ராமானுஜன் ஒரு தோராய வழியை வெளியிட்டார். ஆரத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒரு புள்ளி, அங்கிருந்து வட்டம் வரை ஒரு செங்குத்து, அதே நீளத்தில் விட்டத்தின் முனையிலிருந்து ஒரு நாண், பிறகு சில இணைகோடுகள், ஒரு தொடுகோடு என்று போகிறது. எல்லாம் முறைப்படி வரைந்தவை. அதனால் எப்படி இழுத்தாலும் சதுரம் வட்டத்தோடேயே வளரும், சுருங்கும். சந்தேகத்துக்கு இடமே தராது.

ஆரத்தை 1 ஆக வைத்து, இரண்டு பரப்புகளையும் ஐந்து தசம இடங்களுக்குப் பாருங்கள். இரண்டும் 3.14159. பத்து இடங்களுக்கு மாற்றினால் வட்டம் 3.1415926536, சதுரம் 3.1415929204. ராமானுஜன் பையின் இடத்தில் 355/113-ஐ உட்கார வைத்திருக்கிறார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைலாக இருந்தால் சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடும் என்று அவரே கணக்குச் சொல்கிறார். தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்குச் சற்றே குறைந்த வட்டம் அது.

அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால், சதுரத்தின் பக்கத்தில் ஒரு முனையை மையமாக்கி, பையின் வர்க்கமூலத்தை ஆரமாகக் கொடுத்து ஒரு வட்டம் போடுங்கள். மறுமுனைக்குப் போய் மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருங்கள். வெகுநேரம் வட்டம் அந்தப் புள்ளியின் மேலேயே போவதுபோலத்தான் இருக்கும். விடாமல் உருட்டினால், ஒரு கட்டத்தில் வட்டம் புள்ளியைவிட்டுச் சற்று உட்பக்கமாக விலகிப் போவது தெரியும்.