சந்தையும் சாக்ஸபோனும்

மிகுதியாக விற்பனையாவது உயர்ந்த கலையாகாது என்பது நமது விமர்சகர் பலரின் வாய்பாடு. சிக்காகோ நகரின் கறுப்பினக் கலைஞர் எடி ஹரிஸ் 1961இல் வெளியிட்ட ‘எக்ஸொடஸ் டு ஜாஸ்’ என்னும் முதல் இசைத்தட்டு அவ்வாய்பாட்டைச் சோதிக்கின்றது.

1960இல் வந்த ‘எக்ஸொடஸ்’ திரைப்படத்துக்கு ஏர்னஸ்ட் கோல்ட் அமைத்தது பெரும் வாத்தியக்குழுவின் முழக்கம். அதே மெட்டை ஹரிஸ் ஒரு தனிமனிதக் குரலாக்கினார். டெனர் சாக்ஸபோனின் மேல் ஸ்தாயியில், ஆரவாரமின்றி, வாய்விட்டுப் பாடுவதுபோல் வாசித்தார். சிறுதட்டுக்காகச் சுருக்கப்பட்ட இவ்விசை, அமெரிக்க ஜனரஞ்சகப் பாடல் வரிசையில் 36ஆம் இடத்தை எட்டியது. ஜாஸ் இசைத் தட்டொன்றுக்கு இது அரிய வெற்றி. விமர்சகர் சிலரோ அவ்வெற்றியையே குற்றமாகக் கொண்டனர்.

அவர்கள் மக்களையும் சந்தையையும் ஒன்றெனக் கருதினர். இசையைத் துண்டித்தது சந்தை. அதில் உயிர்ப்பைக் கண்டது மக்கள். ‘ஏ.எம். புளூஸ்’ முதலிய ஹரிஸின் சொந்த ஆக்கங்களில், உழைக்கும் கறுப்பின மக்களின் புளூஸ் மரபு ஒலிக்கின்றது. சிறுதட்டை மட்டும் வாங்கியோர் இழந்தது இதனையே.

தட்டை வெளியிட்ட ‘வீ-ஜே’, விவியன் காட்டர், ஜேம்ஸ் பிரக்கன் என்னும் கறுப்பினத்தவர் 1953இல் தொடங்கிய நிறுவனம். 1966இல் அதுவும் முறிந்தது. உடைமையாளரின் நிறம் மாறினும் சந்தையின் விதி மாறவில்லை.

ஆகவே, எத்தனை பேர் வாங்கினர் என்பதன்று கேள்வி. அவர்களிடம் எது முழுமையாகச் சென்றடைந்தது என்பதே. இத்தட்டை முழுமையாகக் கேட்போர், எளிமை வேறு, மலினம் வேறு என்பதை உணர்வர்.