'துல்லிய வடிவம்' எவ்வளவு துல்லியம்?

ஹியூஸ், காட்ரெல், பாசிலெவ்ஸ் மூவரும் 2005-ல எழுதின கட்டுரைதான் ஐசோஜியோமெட்ரிக் அனாலிசிஸ் என்ற துறைக்குப் பெயர் வைத்தது. கார், விமானம், கப்பல் தொழில்களில் பகுப்பாய்வு நேரத்தில் சுமார் 80% மெஷ் போடுவதிலேயே போகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. கேட் மென்பொருள் வடிவத்தை நர்ப்ஸ் ஸ்ப்லைனில் வரைகிறது. பகுப்பாய்வு மென்பொருள் அதையே துண்டு துண்டாக்கித் தோராயமா திரும்பக் கட்டுகிறது. அந்த ஸ்ப்லைனிலேயே கணக்கையும் போட்டால் என்ன?

கேள்வி அருமை. ஆனால் கட்டுரைத் தலைப்பிலேயே வரும் 'துல்லிய வடிவம்' என்பதை அப்படியே ஏற்க முடியல.

பெரும்பாலான கேட் கோப்பில் இருப்பது மேற்பரப்பு மட்டும்தான். நம்மூர் சக்கப்பழத்துல தோல் மட்டும் கிடைச்ச மாதிரி, சுளை கிடையாது. தடிமனான பொருளின் உள்ளே தகைவைக் கணக்கிட முப்பரிமாண ஸ்ப்லைனை யாராவது தனியாகக் கட்டணும். அது மெஷ் போடுவதைவிட லேசான வேலை இல்ல.

அடுத்து ட்ரிம்மிங். வளைந்த பரப்பில் போல்ட் துளை போட்டால், மென்பொருள் அந்த இடத்தை மறைக்கிறதே தவிர, அடியில் முழு ஸ்ப்லைனும் அப்படியே கிடக்கும். இரண்டு பைக்யூபிக் பரப்புகள் வெட்டிக்கொள்ளும் வளைவின் படி 324 வரை போகலாம். அதை அப்படியே யாரும் சேமிப்பதில்லை. தோராயமான ஒரு வளைவை வைத்து, சின்ன இடைவெளியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். துல்லியம் அங்கேயே போச்சு.

அப்போ முறையே வீணா? இல்ல. அதன் பலம் வழவழப்பில் இருக்கிறது. வழக்கமான எலிமெண்ட் எல்லையில் சரிவு முறியும். p படி ஸ்ப்லைனில் p−1 வகைக்கெழுக்கள் வரை தொடர்ச்சி கிடைக்கும். மெல்லிய தகடு வளைவதற்கான கிர்ச்சாஃப் கோட்பாடு கேட்பது இதைத்தான். வடிவத்துக்கு ஒரு ஸ்ப்லைன், விடைக்கு வேறொன்று இருக்கலாம் என்று 2018-ல் அட்ரோஷ்செங்கோ, தோமர், சூ, போர்டாஸ் காட்டினார்கள். அதாவது முதல் கட்டுரை போட்ட முடிச்சையே தளர்த்தினார்கள்.

மார்த்தாண்டம் இரும்பு மேம்பாலம் மாதிரி நேர் உத்திரமும் தட்டைத் தகடுமான கட்டுமானத்துக்கு மெஷ் போடுவது பெரிய பாடே இல்லை; அங்கே நர்ப்ஸால் கிடைக்கும் வடிவ லாபம் சொற்பம். வளைந்த மெல்லிய ஓடு, உயர் அதிர்வெண் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முன்னுரையில் அந்த 80%-ஐ எடுத்துப் போடுவதற்கு முன், உங்க மாடலில் மெஷ் உண்மையிலேயே எவ்வளவு நேரம் தின்னுதுன்னு ஒருமுறை அளந்து பாருங்க.