ஜூனா பஜாரில் ஒரு கோட்டு

புனேயில் புதுச் சட்டை வேண்டுமென்றால் லட்சுமி ரோடு. பேரம் பேசத் தெம்பிருந்தால் கேம்ப் பகுதியின் ஃபேஷன் ஸ்ட்ரீட். 2021 மார்ச்சில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான கடைகள் கருகிப்போன இடம் அது. என் கால்கள் போவதென்னவோ மங்கள்வார் பேட்டைப் பக்கம், புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாருக்குத்தான்.

பித்தளைச் செம்பு, துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கு நடுவே பழந்துணி குவிந்து கிடக்கும். கோட்டைக் கண்டால் முதலில் பொத்தானுக்குக் கீழே முன்பக்கத் துணியைக் கிள்ளிப் பிரித்துப் பார்ப்பேன். இரண்டு அடுக்குக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று தனியே நழுவினால், உள்ளே கான்வாஸ் வைத்துத் தைத்திருக்கிறார்கள். பசையில் ஒட்டியது அப்படி நழுவாது. நாளாவட்டத்தில் கொப்புளம் வேறு போடும். கட்டம் போட்ட சட்டையா? பாக்கெட்டின் கோடு உடம்புக் கோட்டோடு சேர்கிறதா என்று பார்த்தாலே தைத்தவர் கை தெரிந்துவிடும். தோள் சரியாக உட்காராவிட்டால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இடுப்பையும் கைநீளத்தையும் நம் டெய்லர் பார்த்துக்கொள்வார். தோளில் கைவைக்கத் தயங்குவார்.

"கிதீலா, பாவூ?" என்று விலை கேட்கும்போது முகத்தில் ஆசை தெரியக் கூடாது. எனக்கு அது இன்னும் வரவில்லை.