பண்டோரின் நவீனங்கள்: ஒரு மறுவாசிப்பு

மர்மம் அவிழ்ந்தபின் துப்பறியும் நவீனம் கரும்புச் சக்கையே என்பர் சிலர். கொலையாளி யாவனென அறிந்த பின்னும் ஒரு நூல் நம்மை மீண்டும் அழைக்குமாயின், அதன் சுவை புதிரில் மட்டும் தங்கியதன்று என்பது தெளிவு. உருசிய எழுத்தாளர் பொறிஸ் அக்கூனின் இயற்றிய எராஸ்ற் பண்டோரின் தொடர் இதற்குத் தக்க சான்றாகும்.

அக்கூனின் என்பது புனைபெயர். கிரிகோரி சுக்கார்த்திஷ்விலி என்னும் இயற்பெயருடைய இவர் 1956 இல் ஜோர்ஜியாவிற் பிறந்தவர். யப்பானிய இலக்கியங்களை உருசிய மொழியிற் பெயர்த்தவர். 1998 இல் 'அசசேல்' என்னும் நவீனத்துடன் இத்தொடர் தொடங்கியது. சார் மன்னராட்சியின் பிற்காலமே இதன் பெரும்பகுதிக்குக் களமாகும்.

முதல் நவீனம் 1876 இல் நிகழ்கிறது. இருபது வயதுப் பண்டோரின் வழக்கில் வெற்றி காண்கிறான்; ஆயினும் திருமண நாளன்றே மனைவியை வெடிகுண்டுக்குப் பறிகொடுக்கிறான். அடுத்த நவீனத்தில் நரைத்த நெற்றியோரமும் திக்கும் நாவும் உடையவனாக அவனைக் காண்கிறோம். முதல் வாசிப்பில் அந்நரை ஓர் அலங்காரமாகவே தோன்றும். மறுவாசிப்பிலோ ஆறாத துயரின் அடையாளமாகப் புலனாகும்.

1891 ஆம் ஆண்டைக் களமாகக் கொண்ட 'அரச ஆலோசகர்' இத்தொடரின் சிகரம் எனலாம். புரட்சிக்காரரைத் தேடும் பண்டோரின், அவர்களுக்கு இரகசியத் தகவல் அளித்துத் தன் உயர்வுக்கு வழி தேடுபவன் பொலிஸ் மேலதிகாரி ஒருவனே எனக் கண்டறிகிறான். மொஸ்கோ நகரப் பொலிஸ் தலைமை அவனைத் தேடி வருகிறது. அவனோ அதனை மறுத்து விலகுகிறான். கனவானின் இலக்கணம் அவன் அணியும் உடையிலன்று, இம்மறுப்பிலேயே விளங்குகிறது.

குறையும் உண்டு. சூதாட்டத்தில் என்றும் தோலாத நல்லூழை ஆசிரியர் அவனுக்கு அளித்துவிட்டார். ஆதலின் அவன் உயிருக்கு நேரும் ஆபத்துக்கள் நம்மைப் பெரிதும் கலக்குவதில்லை. மனச்சான்றுக்கு நேரும் சோதனைகளே கலக்குகின்றன.

உக்ரேன் மீதான போரை எதிர்த்த அக்கூனினை, 2023 டிசெம்பரில் உருசிய அரசு பயங்கரவாதிகள், தீவிரவாதிகள் பட்டியலிற் சேர்த்தது. அவர்தம் நூல்களின் விற்பனையையும் அந்நாட்டுப் பதிப்பகம் நிறுத்தியது. அரசுக்கு எத்துணைத் தூரம் பணிதல் தகும் என்று பாத்திரத்தின் முன் வைத்த வினா, ஆசிரியரையே வந்தடைந்தது. புதிருக்காக இந்நூல்களை முன்னர்ப் படித்தோர், இவ்வினாவுக்காக மீண்டும் படித்தல் நன்று.