75 விழுக்காட்டில் ஒரு கோடு

சிங்கப்பூரின் வெயிலையும் மழையையும் பற்றி ஆய்வேடு எதிலாவது ஓர் எண்ணைப் பார்த்தால், அது அநேகமாகச் சாங்கியில் பிறந்த எண்ணாக இருக்கும். நாட்டின் பருவநிலைப் பதிவு நிலையம் 1984 முதல் சாங்கியில்தான் இருக்கிறது. விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் நாம் கடந்துபோகும் அந்தக் கிழக்கு முனையில், கடற்காற்று படும் தூரத்தில், வெப்பமும் ஈரப்பதமும் ஓயாமல் பதிவாகின்றன. ஆண்டு மழை சராசரியாக 2,113 மில்லிமீட்டர், மழை நாள்கள் 171 என்பவை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. எனக்கு அதைவிடச் சுவையானது ஈரப்பதத்தின் அன்றாட நடை. விடிவதற்குச் சற்று முன் அது 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். மழையில்லாத நாளில், பிற்பகலுக்குள் 60ஐ ஒட்டி இறங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் திரும்ப ஏறும்.

ஏறியும் இறங்கியும் போகும் அந்த வழியில், 75 என்ற இடத்தில் ஒரு கோடு இருக்கிறது. பழைய சுவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அந்தக் கோட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நாம் சமையலில் போடும் உப்புதான் காரணம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்குச் சற்று மேலே போனால், சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை வாங்கிக் கரைந்துவிடும். கீழே வந்தால் மறுபடி படிகமாகும். அடைமழைக் காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நசநசத்துப் போவதும் இதே விதியால்தான். கடலோரச் சுவர் ஒன்று காற்றிலிருந்தும், நிலத்திலிருந்து ஏறும் ஓதத்திலிருந்தும் உப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. இரவில் அந்த உப்பு நீராகிச் செங்கல்லின் நுண்துளைகளுக்குள் பரவும். பிற்பகலில் படிகமாகி, இருக்கும் இடம் போதாமல் துளையின் பக்கங்களை நெட்டித் தள்ளும். முதலில் சுவர் வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு விரல் பட்டால் மாவாக உதிரும். அதற்கும் பிறகு காரை பாளமாகப் பெயரும். சுவருக்குள் பல உப்புகள் கலந்திருப்பதால் கோடு சற்று முன்பின் நகரலாம். ஆனாலும் உலர்ந்த நாள் ஒவ்வொன்றிலும் சாங்கியின் காற்று அதை இரண்டு முறை கடக்கிறது என்பதை நினைக்கும்போது, அசையாமல் நிற்பதாக நாம் நம்பும் சுவருக்குள் எவ்வளவு நடமாட்டம் என்று வியப்பாக இருக்கிறது.

பீட்டர் பிரிம்பிள்கம் என்ற வளிமண்டல வேதியியலாளரும் அவரோடு உழைத்தவர்களும் ஐரோப்பியக் கட்டடங்களுக்காக இந்தக் கடப்புகளை எண்ணத் தொடங்கினார்கள். சராசரி ஈரப்பதம், சராசரி வெப்பம் என்ற வழக்கமான அளவுகளைத் தள்ளிவைத்துவிட்டு, ஓர் ஆண்டில் காற்று அந்தக் கோட்டை எத்தனை முறை தாண்டுகிறது என்று கேட்டார்கள். கல்லுக்குச் சராசரி வலிப்பதில்லை, தாண்டுதல்தான் வலிக்கிறது என்பதைக் கண்டுகொண்ட கேள்வி அது. பருவநிலை அறிவியலில் நான் படித்த கேள்விகளில் இவ்வளவு சின்னதாகவும் இவ்வளவு கூர்மையாகவும் இன்னொன்று இல்லை.

கணினி இங்கேதான் உள்ளே வருகிறது. 2024இல் வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சராசரி வெப்பம் 0.6 முதல் 5 டிகிரி வரை உயரலாம் என்கிறது. கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை ஏறக்கூடும் என்கிறது. அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எத்தனையோ எதிர்காலங்கள். ஒவ்வொன்றுக்கும், சுவர் பார்த்திருக்கும் திசைக்கும், செங்கல்லின் வகைக்கும், பூச்சின் கனத்துக்கும் ஏற்ப, வெப்பமும் ஈரமும் சுவருக்குள் எப்படி நகரும் என்று இயற்பியல் சமன்பாடுகளால் மணி மணியாகக் கணக்கிட்டால், கணினிக்கே காலம் போதாது. ஆகவே ஆய்வாளர்கள் சில ஆயிரம் கணக்குகளை மட்டும் முழுதாகப் போட்டு, அவற்றின் போக்கை ஒரு நரம்புவலைப்பின்னலுக்குக் கற்றுக்கொடுத்து, மீதியை அதனிடம் விடுகிறார்கள்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஆஸ்ட்ரிட் டெய்ஸ்கென்ஸ் என்ற ஆய்வாளர், தம் பேராசிரியர்களான ஸ்டாஃப் ரோல்ஸ், ஹான்ஸ் யான்சன் ஆகியோருடன் 2019இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல சான்று. கனத்த செங்கல் சுவர் ஒன்றின் நடத்தையைக் கற்பதில் வெவ்வேறு வலைப்பின்னல்களை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தந்த மணியின் வானிலையை மட்டும் பார்க்கும் எளிய வகை தோற்றுப்போனது. இன்று சுவருக்குள் இருக்கும் ஈரம் இன்றைய மழையால் வந்ததல்ல. போன வாரத்து மழையும் போன மாதத்து வெயிலும் அதற்குள் இன்னும் இருக்கின்றன. பின்னோக்கிப் பார்க்கும் திறனுள்ள வலைப்பின்னல்களுக்குத்தான் அந்தச் சுவர் பிடிபட்டது. சுவருக்கு நினைவு உண்டு என்று கவிஞர்கள் சொன்னால் நாம் தலையாட்டுவோம். இங்கே அதே செய்தி ஓர் ஒப்பீட்டு அட்டவணையில், பிழை அளவுகளோடு வந்து நிற்கிறது. அந்த அட்டவணையை நான் ரசித்துப் படித்தேன்.

ஆனால் லூவனில் கற்ற வலைப்பின்னலை அப்படியே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குக் கொண்டுவர முடியாது. அங்கே குளிர்காலத்தில் வீட்டின் கதகதப்பிலிருந்து ஈரம் வெளியே போகப் பார்க்கிறது. உறைபனி செங்கல்லைப் பிளக்கிறது. இங்கே எல்லாம் தலைகீழ். சிங்கப்பூர்க் காற்று 24 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியிலேயே பனித்துவிடும். பழைய கடைவீட்டின் மாடியில் குளிர்சாதனத்தை 22இல் வைத்தால், வெளியே இருக்கும் ஈரம் சுவர் வழியாக உள்நோக்கி வந்து, காற்றுப் புகாத பெயின்டின் முதுகில் தங்கிவிடும். ஆகவே இந்த ஊர்ச் சுவரின் நடையை இந்த ஊரிலேயே அளந்து கற்க வேண்டும்.

நம்மூர்ச் சுவர் என்றால் அது வெறும் செங்கல் அல்ல. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள், இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட தண்டனைக் கைதிகள். உட்சுவர்ப் பூச்சுக்கு அவர்கள் இட்டது மதராஸ் சுண்ணாம்பு. கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் அதன் பக்குவத்தை 1899இல் வெளிவந்த தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்பை முட்டையின் வெள்ளைக் கருவோடும் நாட்டுச் சர்க்கரையோடும் அடித்துக் குழைக்க வேண்டும். தேங்காய் மட்டை ஊறிய நீரை அதில் சேர்க்க வேண்டும். பூசிக் காய்ந்த பின் பளிங்குக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்க்க வேண்டும். இடையிடையே மாக்கல் பொடியைத் தூவ வேண்டும். சர்க்கரை சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரைய வைக்கிறது. வெள்ளைக் கருவின் புரதம் படிகங்கள் பெரிதாகாமல் பிடித்து வைக்கிறது. பின்னர் காற்றின் கரியமிலவாயுவை வாங்கி அந்தச் சுண்ணாம்பு மெல்ல மெல்ல மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே மாறுகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்காமல் உள்ளும் புறமும் விடும் பூச்சு இது. வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த சுண்ணாம்புக் கலவைகளை மறுபடி அரைத்து, அவற்றின் வலுவையும் நுண்துளையையும் அளந்திருக்கிறார்கள். கணினிக்குக் கொடுக்கும் எண்களில் இத்தகைய எண்களும் இருந்தால்தான் அது நம் சுவரைப் பற்றிப் பேசும். இல்லாவிட்டால் சிமெண்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கும்.

ஈரத்தைக் கணிப்பது ஒரு பாதி. சுவரைப் பார்ப்பது மறுபாதி. அதற்கு உதவும் கருவிகளில் ஒன்றான யூ-நெட் என்ற வலைப்பின்னல், 2015இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் உயிரணுப் படங்களைப் பிரித்துக் காட்டவே உருவானது. அதன் முதற்சோதனைகளில் ஒன்றுக்குப் பாடம் சொன்னவை 30 படங்கள்தாம். அந்தக் குறைந்த பசியால்தான் அது பழைய கட்டடங்களுக்கும் பொருந்தியது. எந்தக் கோயிலுக்கும் எந்தக் கடைவீட்டுக்கும் லட்சம் படங்கள் கிடையாது. ஆனால் அந்தச் சில படங்களையும் மனிதர் ஒருவர் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக இது விரிசல், இது கறை, இது பாசி என்று குறிக்க வேண்டும். ஒரு படத்தில் நூற்றுக்கு இரண்டு புள்ளிகளே விரிசல் என்று வைத்துக்கொள்வோம். எங்குமே விரிசல் இல்லை என்று சொல்லும் சோம்பேறிக் கணினிக்கு 98 மதிப்பெண் கிடைத்துவிடும். அதனால்தான் இத்துறையில் மொத்த மதிப்பெண்ணை நம்ப மாட்டார்கள். கணினி காட்டிய விரிசலும் மனிதர் குறித்த விரிசலும் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்றே பார்ப்பார்கள். சிறியதைச் சிறியது என்பதற்காகவே கூடுதல் கவனத்தோடு அளக்கும் இந்த முறை எனக்கு மிகப் பிடித்தமானது.

டன்லப் தெருவில் 1907இல் கட்டத் தொடங்கிய அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் தலைவாயிலுக்கு மேலே கதிர் விரிக்கும் சூரியன் ஒன்று உண்டு. 25 கதிர்கள், அவற்றில் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தணியில். வெயில் சாயும்போது ஒவ்வொரு கதிரின் விளிம்பிலும் மெல்லிய கருங்கோடு விழும். அது நிழல். அதே அகலத்தில் அதன் பக்கத்திலேயே விரிசல் ஒன்றும் ஓடலாம். கொத்தனாரின் கண் கணத்தில் பிரித்துவிடும் அந்த இரண்டையும், காலை, உச்சி, மாலை என்று பல நேரங்களில் எடுத்த படங்களைக் காட்டித்தான் கணினிக்குப் பழக்க வேண்டும்.

சாங்கியிலேயே இதைவிடக் கடினமான சுவர்கள் இருக்கின்றன. ராபர்ட்ஸ் பாசறையின் 151ஆம் பிளாக்கில், ஜப்பானியரிடம் போர்க் கைதியாக நோயுற்றுக் கிடந்த ஸ்டான்லி வாரன் 1942இல் தொடங்கி வரைந்த ஐந்து ஓவியங்கள் அவை. நீல நிறத்துக்குப் பில்லியர்ட்ஸ் சாக்கட்டி நொறுக்கப்பட்டது. பின்னர் மேலே வெள்ளையடிக்கப்பட்டு மறைந்துபோன அந்த ஓவியங்கள் 1958இல் வெளிப்பட்டன. வாரன் 1963, 1982, 1988 என மூன்று முறை திரும்பி வந்து அவற்றைச் சீராக்கினார். ஆக, ஒரே சுவரில் இருபதுகளில் இருந்த நோயாளியின் கோடும், எழுபதைத் தாண்டியவரின் கோடும், ஈரம் கிழித்த கோடும் இருக்கின்றன. எது சிதைவு, எது கை என்று தெரியாமல் எந்தக் கணினியையும் அந்தச் சுவரின் முன் நிறுத்தக் கூடாது. புனித லூக்காவின் ஓவியத்தில் கீழ்ப்பகுதியை, பக்கத்துக் கட்டடத்துக்கு வழி திறந்தபோது ஜப்பானியர்கள் உடைத்துவிட்டார்கள். நினைவில்லாததை வாரன் வரையவில்லை. மூலக் கோட்டுப்படம் 1985இல் கிடைத்த பிறகும் அந்த வெற்றிடம் நிரப்பப்படவில்லை. அதன் சிறு வடிவம் ஒன்று கீழே தனியாக வைக்கப்பட்டது. இல்லாத பகுதியைக் கணினி நொடியில் வரைந்து நீட்டும் இந்நாளில், அந்த அடக்கம் எவ்வளவு பெரியது என்று இப்போதுதான் விளங்குகிறது.

லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதன் அஞ்சடிப் பாதைகளின் நிழலிலும், பூமாலைக் கடைகளின் ஈரத்திலும், பின்சந்துகளில் குளிர்சாதனப் பெட்டிகள் கக்கும் வெக்கையிலும் இருக்கும் காற்று சாங்கியின் காற்று அல்ல. சாங்கியின் எண்ணை எடுத்து, தெருவுக்குத் தெரு திருத்தி, அங்கங்கே வைத்த சிறு உணரிகளோடு ஒப்பிட்டுத்தான் இந்தச் சுவர்களுக்கான 75ஐக் கண்டுபிடிக்க வேண்டும். சுவரை நேரில் பார்க்கவும் முறைகள் உண்டு. வயதேறிய உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவர்ச் சோதனையை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. கோயில்களுக்கோ அதைவிடப் பழைய முறை உண்டு. 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு 2010இலும் 2023இலும் குடமுழுக்கு நடந்தது. பாலாலயம் செய்து, சாரம் கட்டி, தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் ஒவ்வொரு சுதையுருவின் முகத்துக்கு நேரே நின்று வேலை பார்த்தார்கள். எந்தத் திசை உருவத்துக்கு விரல் முதலில் போகிறது, எந்த நிலையில் ஓதம் தங்குகிறது, எந்த மடிப்பில் பாசி பிடிக்கிறது என்று அந்தச் சாரத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற வழக்கப்படி அடுத்தது 2035. அதற்குச் சாரம் கட்டும்போது ஒவ்வொரு உருவத்தையும் படம்பிடித்து, சிற்பி வாயால் சொல்லும் குறிப்பையும் பக்கத்தில் எழுதி வைத்தால், எந்தப் பல்கலைக்கழகமும் தானாகத் தயாரிக்க முடியாத பாடப் படங்கள் நம் கையில் இருக்கும். 2100க்குள் அப்படி ஆறு முறை வாய்க்கும்.