ரொஸ்மீட் பிளேஸ் துப்பாக்கியும் எங்கட சந்தேகங்களும்

எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க கொலையைப் பற்றி நம்மவர்கள் கதைப்பதைக் கேட்டால் ஒரு விநோதம் தெரியும். வெலிமடையில் பள்ளிவாசல் முற்றத்திலும் சரி, தேத்தண்ணிக் கடையிலும் சரி, பேச்சு வந்தால் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அந்த ஹாமதுரு சுடவே இல்லயாம், சுட்டது வேற ஆளாம்" என்பார். "அப்ப செய்யச் சொன்னது யாரு நானா?" என்று கேட்டால், "அது தெரிஞ்ச விஷயந்தானே, களனிப் பெரிய ஹாமதுரு" என்று உடனே பதில் வரும். இந்த இரண்டு வசனங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வழக்கில் ஆகப் பலமாக நின்ற சான்று சந்தேகிக்கப்படுகிறது. வாதத்துக்கு ஆக அதிகம் இடங்கொடுத்த சான்று கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. படித்தவர்கள் எழுதும் கட்டுரைகளிலும் இதே தலைகீழ் நியாயத்தைக் காண்கிறேன்.

1959 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் விறாந்தையில், காலை வேளையில், பலர் பார்த்திருக்கச் சம்பவம் நடந்தது. சுட்டவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட தல்துவே சோமராம தேரர் ஒரு கண் வைத்தியர். சுதேச வைத்தியக் கல்லூரியில் விரிவுரையாளர். காவலரின் சூட்டில் காயப்பட்டு அந்த இடத்திலேயே பிடிபட்டார். பிரதமர் சத்திர சிகிச்சைக்குப் பிறகு மறுநாள் காலை இறந்தார். அதற்கு முன்னர் நாட்டுக்கு விடுத்த செய்தியில், தன்னைச் சுட்டவர் துறவியின் உடையணிந்த ஒரு மூடர் என்று குறிப்பிட்டு, அவர்மீது பழிவாங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். 1958 கலவரம் முடிந்து ஒரு வருடம் கடந்திருந்த நாட்டில், சுட்டவர் எந்த இனம் என்ற கேள்விக்கு அந்த விறாந்தையிலேயே விடை கிடைத்தது சிறுபான்மையினருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் எழுத்தாளர்கள் போதிய அளவு யோசிக்கவில்லை.

துப்பாக்கி .45 வெப்லி ரிவோல்வர். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரிவோல்வர் சுட்ட கோதுகளை வெளியே எறிவதில்லை. திறந்து கொட்டும்வரை அவை உருளைக்குள்ளேயே கிடக்கும். ஆகவே எத்தனை வேட்டு என்று தரையில் தேடத் தேவையில்லை. உடலிலிருந்து எடுத்த குண்டில், குழலின் உட்புறத்துச் சுருள் வரிகள் பதித்த கீறல்கள் இருக்கும். அதே துப்பாக்கியால் பரீட்சார்த்தமாகச் சுட்ட குண்டை அதனோடு ஒப்பு நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கலாம். இந்தத் துப்பாக்கியிலிருந்து இந்தக் குண்டு வந்ததா என்பதை இரும்பு சொல்லும். எந்த விரல் அழுத்தியது என்பதைச் சொல்லாது. அதற்குக் கண்ணால் கண்டவர்கள் வேண்டும், இங்கே இருந்தார்கள்.

நம்மவர்களின் சந்தேகம் ரொஸ்மீட் பிளேஸில் பிறந்ததல்ல, டல்லாஸில் பிறந்தது என்பது என் அபிப்பிராயம். 1963இல் கென்னடி சுடப்பட்டபோது சுட்டவர் கூட்டத்தின் நடுவில் நிற்கவில்லை. ஆறாம் மாடி ஜன்னலருகே மூன்று வெற்றுக் கோதுகளும் ஒரு ரைபிளும் கிடைத்தன, பிடிபட்ட ஒஸ்வால்ட் இரண்டு நாளில் கொல்லப்பட்டார், வழக்கே நடக்கவில்லை. அங்கே ஒரே குண்டு இரண்டு பேரைத் துளைத்திருக்குமா என்று மில்லிமீட்டர் கணக்கில் வாதிடுவதற்கு நியாயம் இருந்தது. அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொழும்பைப் பார்த்தால், இங்கேயும் இரண்டாவது துப்பாக்கிக்காரர் தெரியத்தான் செய்வார். நம் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் 2000 செப்டம்பர் 16இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் வீழ்ந்து மறைந்த விடயத்திலும் விபத்தா, சதியா என்று இன்றுவரை மேடைகளில் பேசுகிறோம். சிதைவுகளின் உலோகத்தைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

சூரா யூசுபில் இரண்டு சட்டைகள் வருகின்றன. ஒன்று பொய் இரத்தம் பூசப்பட்டு யஃகூப் (அலை) அவர்களிடம் கொண்டுவரப்பட்டது. மற்றது பின்புறம் கிழிந்து யூசுப் (அலை) அவர்களின் குற்றமின்மையைக் காட்டியது. இரண்டுமே தடயப் பொருள்தான்! முதலாவதில், ஓநாய் தின்ற பிள்ளையின் சட்டை ஏன் கிழியவில்லை என்பதை முஃபஸ்ஸிர்கள் கவனித்தார்கள். இப்னுல் கையிம் தமது 'அத்துருக் அல்ஹுக்மிய்யா'வில் இத்தகைய கரீனாக்களுக்கு, அதாவது சூழ்நிலைச் சான்றுகளுக்கு, விரிவான இடம் கொடுத்தார். பொருளையும் சாட்சியையும் வேறு வேறு தராசில் நிறுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

சரி, களனி விகாராதிபதி மாபிடிகம புத்தரக்கித்த தேரரிடம் போவது எப்படி? துப்பாக்கி அங்கே போகாது. சோமராம நீதவானிடம் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார்; வழக்கில் அதை மறுத்து, தாம் சுடவில்லை என்றார். சட்டத்தரணி லூஷன் வீரமந்திரி அவருக்காக வாதாடி, பிறகு 1969இல் அவ்வழக்கைப் பற்றி நூலும் எழுதினார். எதிரியின் சட்டத்தரணி எழுதியது என்பதை மறக்காமல் படிக்க வேண்டிய நூல் அது. ஒப்புதல் செல்லும் என்று வைத்துக்கொண்டாலும், எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு ஒரு எதிரியின் ஒப்புதலை மற்ற எதிரிக்கு விரோதமாகக் கவனிக்கவே கூடாது என்கிறது. இந்தியச் சட்டம் கவனிக்கலாம் என்கிறது; நம்முடையது நேரெதிர்.

ஆக, சதிக்குப் பெரிய ஆதாரம் கொலன்னாவை நகரசபைத் தலைவராயிருந்த கரோலிஸ் அமரசிங்கவின் வாய்ச்சொல். அவரும் முதலில் சந்தேக நபர்தான். நிபந்தனையுடன் மன்னிப்புப் பெற்றுச் சாட்சிக் கூண்டில் ஏறினார். தன் கழுத்தைக் காக்கப் பேசும் உடந்தையாளரின் சொல்லைக் கொண்டு மட்டும் தீர்ப்பளித்தாலும் அது சட்டவிரோதமல்ல என்கிறது 133ஆம் பிரிவு. வேறு சான்று உறுதிப்படுத்தாவிட்டால் அவரை நம்பத் தகாதவராக அனுமானிக்கலாம் என்கிறது 114ஆம் பிரிவின் உதாரணம். கப்பல் கம்பனி ஒப்பந்தம் கிடைக்காத கோபம் என்ற நோக்கமும் உறுதிப்பாட்டுக்கு உதவியிருக்கலாம். புத்தரக்கித்த நிரபராதி என்று நான் சொல்ல வரவில்லை. ஜூரிகள் ஏழு பேரும் ஒரே முகமாக அவரைக் குற்றவாளியாகக் கண்டார்கள். ஆனால் சந்தேகப்பட ஆசையிருப்பவர் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. அந்தக் குண்டு அல்ல.

ஜூரிகளின் கணக்கே இதற்குச் சாட்சி. துப்பாக்கியைத் தேடிக் கொடுத்தவர் என்று அரச தரப்பு சொன்ன பொலிஸ் இன்ஸ்பெக்டர் நியூட்டன் பெரேரா, 1961 மே மாதத்தில், ஐந்துக்கு இரண்டு என்ற வாக்கில் விடுதலையானார். துப்பாக்கிக்கு மிக அருகில் நிறுத்தப்பட்டவர் வீட்டுக்குப் போனார். சுட்டவராகக் குற்றஞ்சாட்டப்படாத புத்தரக்கித்தவுக்கும் எச். பி. ஜயவர்தனவுக்கும் சோமராமவோடு சேர்த்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆயுதத்தோடு உள்ள தொடர்பை நிறுவுவது ஒரு வேலை, மனதில் இருந்த நோக்கத்தை நிறுவுவது இன்னொரு வேலை என்பதை அந்த ஏழு பேரும் விளங்கியிருந்ததாகவே தெரிகிறது.

மேன்முறையீட்டில் இன்னொரு திருப்பம் வந்தது. பண்டாரநாயக்க அரசாங்கமே 1958இல் தூக்குத் தண்டனையை இடைநிறுத்தியிருந்தது. கொலைக்குப் பிறகு அவசரமாகக் கொண்டுவந்த சட்டம், கொலைக் குற்றத்துக்குத்தான் பின்னோக்கித் தூக்கை மீட்டது. கொலைச் சதி அதன் வாசகத்தில் அடங்கவில்லை. அதனால் முதல் இருவரின் தண்டனையும் ஆயுள் சிறையானது. புத்தரக்கித்த 1967இல் சிறையிலேயே இறந்தார். சோமராம 1962 ஜூலை 6ஆம் திகதி வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். எகிப்து, கானா நீதிபதிகளும் அமர்ந்த ஆணைக்குழு ஒன்று பிறகு இதன் அரசியல் பக்கத்தை விசாரிக்க நியமிக்கப்பட்டது. அதற்குள் துப்பாக்கி யாருக்கும் தேவைப்படவில்லை. கேட்க வேண்டியிருந்ததெல்லாம் யார் யாரோடு என்ன பேசினார்கள் என்பதுதான்.